லேசரில் மெல்லிய மரத்தகடு வெட்டும்போது கருகல்: கறை விழுந்த இடத்தைக் கொண்டு பிழை அறிதல்

லேசர் கதிர் மரத்தை எரித்து ஆவியாக்கியே வழி உண்டாக்குகிறது என்பதால், 3 மி.மீ. பிளைவுட்டிலிருந்து வெட்டி எடுத்த துண்டின் பக்கவிளிம்பு தேன் நிறத்திலோ இளம்பழுப்பிலோ இருப்பதைக் குறையாகக் கொள்ளக் கூடாது. அந்த நிறம் கறுத்துக் கரியாவதும், கரி கையில் ஒட்டுவதும், துண்டின் முகப்பில் புகை படிவதும், அடிப்பக்கத்தில் புள்ளிகள் விழுவதும்தான் களைய வேண்டிய குறைகள். திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்தில் பெயர்ப்பலகை, திருமணப் பரிசு, கொலு அலங்காரம், கோபுர வடிவச் சாவிக்கொத்து போன்றவற்றை 2 முதல் 4 மி.மீ. தகடுகளில் செய்துதரும் சிறு பட்டறைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கண்ணாடிக் குழாய் உள்ள கார்பன் டை ஆக்சைடு மெஷினுக்கே பெரும்பகுதி பொருந்தும். நீலக்கதிர் டையோடு மெஷினுக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

கறையைக் கண்டதும் பவரைக் குறைப்பதே பலரும் முதலில் செய்வது. மெல்லிய மரத்தில் அது பெரும்பாலும் நிலைமையை இன்னும் கெடுத்துவிடும். பவர் குறைந்தால் கதிர் அடிவரை இறங்காது. இறங்காததால் வேகத்தைக் குறைக்க நேரும். வேகம் குறைந்தால் ஒவ்வோர் இடத்திலும் வெப்பம் நீண்ட நேரம் நின்று விளிம்பைக் கரியாக்கும். ஆகவே எந்த எண்ணையும் தொடுவதற்கு முன், கறை எந்த இடத்தில், எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்வதே வேலையில் பாதி.

அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஈரம் சற்றே உள்ள வெள்ளைத் துணியால் கறையை ஒருமுறை துடையுங்கள். பிறகு துணியின் வேறொரு பகுதியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடையுங்கள். துணியில் பழுப்பாகப் பிசுபிசுப்புடன் கறை இறங்கி, மரத்தின் நிறம் தெளிந்தால் அது புகை படிந்தது, மரம் கருகவில்லை. துணி கரியேறிக் கறுத்து, விளிம்பு அப்படியே கறுப்பாக இருந்தால் வெப்பம் மிகுதியாகத் தங்கியிருக்கிறது. துணியில் ஒன்றும் ஒட்டாமல் மேற்பரப்பு மட்டும் நிறம் மாறியிருந்தால், அடிவாங்கிய இடத்தைப் பார்த்துத் தெறித்த கதிரா, குவியம் விலகிய கதிரா என்று முடிவு செய்ய வேண்டும். முதல் வகைக்குக் காற்றும் புகைபோக்கியும் மருந்து. இரண்டாவதற்கு வேகமும் போகஸும் மருந்து. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நாள்கணக்கில் எண்களை மாற்றிக்கொண்டே இருக்க நேர்கிறது.

மேற்பரப்பில், வெட்டுக்கோட்டின் இருபுறமும் பழுப்பு நிழல்

மிக அதிகமாகக் காணப்படும் குறை இதுதான். மரத்திலுள்ள செல்லுலோசும் லிக்னினும் வெப்பத்தில் சிதையும்போது தார் கலந்த புகை எழுகிறது. அந்தப் புகை வெட்டுத்தடத்தின் வழியே கீழே இறங்கிவிட்டால் முகப்பு சுத்தமாக இருக்கும். மேலே கிளம்பினால் பக்கத்திலுள்ள குளிர்ந்த மரத்தில் பட்டு உறைந்து படியும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, வெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது புகை எங்கே போகிறது என்பதையே. மூடியைத் திறக்காமல், பக்கவாட்டிலிருந்து விளக்கடித்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். கதிரும் காற்றும் வெளிவரும் முனையான நாசிலைச் சுற்றி மேலே சுருண்டால் ஒன்று கதிர் அடிவரை துளைக்கவில்லை, இல்லையென்றால் காற்றுக்குத் தள்ளும் வலு இல்லை.

மெஷினோடு வரும் சிறிய காற்று பம்பு லென்ஸில் புகை படியாமல் காக்கப் போதும். வெட்டுத்தடத்தின் வழியே புகையைக் கீழே தள்ள அது போதாது. வெட்டும் வேலைக்கு ஒரு சிறு கம்ப்ரெஸ்ஸரை வைத்து, நாசிலுக்கு 15 முதல் 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று கொடுப்பதே இந்தக் குறைக்கு நான் முதலில் சொல்லும் தீர்வு. வேறு எதற்குச் செலவு செய்வதற்கு முன்பும் இதற்குச் செய்யலாம். கம்ப்ரெஸ்ஸருக்கும் மெஷினுக்கும் இடையில் நீரையும் எண்ணெயையும் பிரிக்கும் பில்டர் கட்டாயம் வேண்டும்; அது இல்லாவிட்டால் காற்றோடு வரும் எண்ணெய்ப் பிசுக்கு லென்ஸில் படிந்து, ஒரு குறையை நீக்கப் போய் இன்னொன்றை வாங்கிக்கொண்டதாகிவிடும். நாசிலின் வாய் தகட்டிலிருந்து சில மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தொலைவு கூடினால் காற்று விரிந்து வலுவிழக்கும். எழுத்துப் பொறிக்கும்போது மட்டும் காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். வலுத்த காற்று அங்கே தூளைப் பரப்பில் அப்பிவிடும்.

காற்று சரியாக இருந்தும் நிழல் விழுந்தால் எக்ஸாஸ்டை, அதாவது புகைபோக்கியைப் பார்க்க வேண்டும். சுருங்கி நீளும் குழாயின் உள்மடிப்புகளில் தார் படிந்து வாய் குறுகியிருக்கலாம். விசிறியின் இறக்கைகளிலும் அப்படியே. நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும் காற்று, மேற்குச் சுவரில் வெளியே விட்டிருக்கும் புகைக்குழாயின் வாயில் நேரே மோதிப் புகையைத் திருப்பி அனுப்பும். காற்று ஓய்ந்திருக்கும் வேளையில் சுத்தமாக வெட்டி, காற்று எழுந்தபின் அதே வேலையில் நிழல் விழுகிறதென்றால், மெஷினில் குறை தேடாமல் வெளியே போய்க் குழாயின் வாயில் ஒரு காகிதக் கீற்றைப் பிடித்துப் பாருங்கள். கீற்று உள்ளே இழுக்கப்பட்டாலோ நிலைகொள்ளாமல் துடித்தாலோ, வாயைக் கிழக்கே திருப்புவதும், தரையைப் பார்க்கும்படி ஒரு எல்போ மாட்டுவதும் போதும்.

மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டுவதைப் பலரும் முதல் தீர்வாகச் சொல்வார்கள். ஸ்டிக்கர் கடைக்காரர்கள் பயன்படுத்தும் அகலமான காகித டிரான்ஸ்பர் டேப்பைக் குமிழி இல்லாமல் தேய்த்து ஒட்டினால், புகை காகிதத்தில் படியும், மரம் தப்பும். முகப்பில் எழுத்தும் பொறித்து வெட்டவும் வேண்டிய பெயர்ப்பலகைக்கு இது மிக நல்ல வழி. ஆனால் நூறு சிறு துண்டுகள் உள்ள கோலமாவு அச்சுப் போன்ற வேலையில் ஒவ்வொரு துண்டிலிருந்தும் காகிதத்தை உரிப்பதற்கு ஆகும் நேரம், வெட்டுவதற்கு ஆகும் நேரத்தைவிட அதிகமாகிவிடும். காற்றைச் சரிசெய்யாமல் டேப்பை நம்புவது எனக்கு உடன்பாடில்லை. எதை ஒட்டினாலும் பி.வி.சி. கலந்த பிளாஸ்டிக் டேப்பை ஒட்டவே கூடாது. அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறி மூச்சுக்குழாயையும் மெஷினின் இரும்பையும் சேர்த்து அரிக்கும்.

அடிப்பக்கத்தில் புள்ளிகளோ, அறுகோணக் கட்டங்களோ

தகட்டைத் துளைத்து இறங்கிய கதிர் கீழேயுள்ள தேன்கூட்டுத் தட்டின் உலோக விளிம்பில் பட்டுத் திரும்பித் தெறிப்பதால் விழும் தடம் இது. தட்டில் முன்பே படிந்திருக்கும் தார் மறுபடி சூடாகி ஒட்டுவதும் உண்டு. தகட்டைத் தட்டிலிருந்து 5 முதல் 10 மி.மீ. உயர்த்தி வைத்தால் போதும்: அதற்கென்று வரும் ஊசிகளையோ, ஒரே தடிமனுள்ள கழிவு மரச் சட்டங்களையோ, வெட்டுக்கோடு போகாத இடங்களில் வைக்கலாம். உயர்த்திய பிறகு போகஸை மறுபடி சரிபார்ப்பதை மறந்துவிடக் கூடாது. தட்டைச் சோப்புத்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துக் காயவைத்து மாட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பக்கவிளிம்பு கறுத்துக் கரி கையில் ஒட்டுகிறது

இங்கே கணக்கு எளியது. 40 வாட் கதிர் நொடிக்கு 20 மி.மீ. வேகத்தில் ஓடினால் ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்துக்கும் 2 ஜூல் வெப்பம் சேர்கிறது. வேகத்தை 10 ஆகக் குறைத்தால் 4 ஜூல் சேர்கிறது. தகட்டைத் துளைக்கத் தேவையான அளவுக்கு மேல் சேரும் வெப்பம் முழுவதும் விளிம்பைக் கரியாக்கவே பயன்படும். அதே 2 ஜூலைக் குறைந்த பவரில் மெதுவாகக் கொடுப்பதற்கும், கூடிய பவரில் விரைவாகக் கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டு: விரைந்து போகும் கதிரின் வெப்பம் பக்கவாட்டில் பரவ நேரம் கிடைப்பதில்லை. எனவே குழாய் தாங்கும் மின்னோட்ட (மில்லிஆம்பியர்) வரம்புக்குள் பவரை உயர்த்தி, அதற்கேற்ப வேகத்தையும் உயர்த்துவதே மெல்லிய மரத்துக்கு ஏற்ற திசை.

எண்ணை வேறொருவரிடம் கேட்டு வாங்குவதைவிட, அதே ஷீட்டின் ஓரத்தில் 15 மி.மீ. சதுரங்களை வரிசையாக வெட்டிப் பார்ப்பதே நம்பத்தக்கது. பவரை ஓர் அளவில் நிறுத்தி, வேகத்தை நொடிக்கு 10 மி.மீ. தொடங்கி இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டே போங்கள். சதுரம் தட்டாமல் தானாக விழும் மிக உயர்ந்த வேகம் எதுவோ, அதிலிருந்து பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டால் அந்த ஷீட்டுக்கான அளவு கிடைத்துவிடும். அதைவிடச் சில படிகள் மெதுவாக வெட்டிய சதுரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; முன்னதன் விளிம்பில் பிளைவுட்டின் அடுக்குகளை ஒவ்வொன்றாக எண்ண முடியும், பின்னதில் அடுக்குகள் எல்லாம் ஒரே கறுப்பாகக் கலந்திருக்கும். அடுக்கு கண்ணுக்குத் தெரிகிறதா என்பதே நான் பார்க்கும் அடையாளம்.

சோதனையில் எந்த வேகமும் சுத்தமாக வெட்டவில்லை என்றால் போகஸ் தவறியிருக்கிறது. வழக்கமான 2 அங்குல லென்ஸில் குவிந்த கதிரின் தடம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ அகலமே இருக்கும். குவியம் இரண்டு மி.மீ. விலகினாலும் தடம் பருத்து, அதே வெப்பம் அகலமான இடத்தில் பரந்து, வெட்டாமல் கருக்கும். ஒரு துண்டு மரத்தைச் சாய்வாக வைத்து அதன்மேல் நேர்கோடு ஒன்று போட்டு, கோடு மிக மெல்லியதாக உள்ள இடத்தின் உயரத்தை அளந்தால் உண்மையான குவியத் தொலைவு தெரிந்துவிடும். வெட்டுவதற்குக் குவியத்தைத் தகட்டின் மேற்பரப்பிலோ, தடிமனின் நடுவிலோ வைக்கலாம். லென்ஸைக் கழற்றித் துடைத்து மாட்டியபின் கருகல் தொடங்கியிருந்தால், அதைத் தலைகீழாக மாட்டிவிட்டீர்களா என்று பாருங்கள். குவிந்த முகம் மேலே இருக்க வேண்டும்.

அளவும் போகஸும் சரியாக இருந்தும் கரி நிற்கவில்லையென்றால் சரக்கையே சந்தேகிக்கலாம். நீர் தாங்கும் பி.டபிள்யூ.பி. பிளைவுட்டில் அடுக்குகளை ஒட்டுவது கருஞ்சிவப்பான பீனால் பார்மால்டிஹைடு பசை. அது எளிதில் ஆவியாகாமல் கரியாகி நிற்கும். வீட்டுக்குள் வைக்கும் பரிசுப்பொருளுக்கு அந்த உறுதி தேவையே இல்லை. ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரத்தில் எம்.ஆர். (ஈரம் தாங்கும் வகை) என்று முத்திரை குத்திய பிளைவுட்டில் யூரியா பார்மால்டிஹைடு பசை இருக்கும். அது வெளிர்நிறமானது, லேசருக்கு இணக்கமானது. விலையும் குறைவு. கடையில் ஷீட்டின் ஓரத்தைப் பார்த்தாலே அடுக்குகளுக்கு இடையே கருங்கோடு ஓடுகிறதா என்பது தெரியும். ஷீட்டின் சில இடங்களில் மட்டும் திட்டுத்திட்டாக வெட்டாமல் கருகினால், உள்ளடுக்கில் முடிச்சோ, இடைவெளியை அடைத்த பசையோ இருக்கிறது. அளவை மாற்றிப் பயனில்லை, அந்த இடத்தைத் தவிர்த்து வரைபடத்தை நகர்த்துங்கள். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை எப்போதும் பிளைவுட்டைவிடக் கறுப்பான விளிம்பையே தரும். வெளிர்விளிம்பு கேட்கும் வாடிக்கையாளருக்கு அதைப் பரிந்துரைக்க வேண்டாம்.

மூலைகளிலும், தொடங்கும் இடத்திலும், எழுத்தின் சுழிகளிலும் மட்டும் கருகல்

நேர்கோட்டில் விரைந்து வரும் லேசர் தலை மூலையில் திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கிறது. பவர் குறையாமல் நின்றால் அந்தப் புள்ளி கருகும். தமிழ் எழுத்தில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். ண, ஞ, ணை போன்றவற்றின் சிறு சுழிகளில் தலை ஏறத்தாழ நின்று திரும்புகிறது, அடுத்தடுத்த வளைவுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய மரம் ஆறுவதற்குள் மறுபடி சூடேறுகிறது. ஒரு சென்டிமீட்டர் உயர எழுத்தில் அந்தப் பாலம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

மெஷினை இயக்கும் மென்பொருள்களான லைட்பர்னிலும் ஆர்டிஒர்க்ஸிலும் மேல்பவர், கீழ்பவர் என்று இரண்டு எண்கள் உண்டு. தலை மெதுவாகும்போது கீழ்பவர் செயல்படும். இரண்டையும் ஒன்றாகவே வைத்திருப்பவர்கள் கீழ்பவரைப் படிப்படியாகக் குறைத்து, மூலை துளைப்பது நிற்கும் அளவுக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். கண்ணாடிக் குழாய் 10 முதல் 15 விழுக்காட்டுக்குக் கீழே நிலையாகச் சுடர்விடாது என்பதால் அதற்கும் கீழே போக வேண்டாம். ஜி.ஆர்.பி.எல். என்ற கட்டுப்பாட்டு மென்பொருளில் ஓடும் டையோடு மெஷினில் எம்3 முறைக்குப் பதிலாக எம்4 முறையைத் தேர்ந்தால் வேகத்துக்கேற்ப பவர் தானே கூடிக் குறையும். அந்த ஒரு மாற்றமே பல மூலைகளைக் காப்பாற்றும்.

படத்திலிருந்து டிரேஸ் செய்து எடுத்த எழுத்தில் தேவைக்கு மேல் கணுப்புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் தலை தயங்குகிறது; வளைவு முழுவதும் மணிமணியாகக் கருகல் தெரிந்தால் காரணம் இதுவே. எழுத்துருவிலிருந்து நேரடியாக எடுத்த கோட்டைப் பயன்படுத்துங்கள், அல்லது புள்ளிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். தொடக்கப் புள்ளியை வேண்டாத பகுதிக்குள் நகர்த்தி, அங்கிருந்து கோட்டுக்குள் நுழையும்படி செய்தால் தொடங்கும் இடத்தின் கறையும் கழிவோடு போய்விடும். ஒரே எழுத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதைவிட, வெட்டும் வரிசையைப் பரப்பி அமைத்தால் மரம் ஆற நேரம் கிடைக்கும்.

மேசையின் ஒரு பக்கத்தில் மட்டும் கருகல்

தகடு வளைந்திருக்கலாம், நான்கு ஓரங்களிலும் கனமான காந்தம் வைத்து அழுத்துங்கள். மேசை சரிந்திருக்கலாம், நாசிலுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியை நான்கு மூலைகளிலும் அளந்து பாருங்கள். இரண்டும் சரியென்றால் கதிரைத் திருப்பிவிடும் கண்ணாடிகளின் நேர் தவறியிருக்கிறது. நாசில் வாயில் டேப் ஒட்டி, நான்கு மூலைகளிலும் ஒரு பொட்டு சுட்டு, எல்லாப் பொட்டும் நடுவில் விழுகின்றனவா என்று பாருங்கள்.

காலையில் சுத்தம், மதியத்துக்குமேல் கருகல்

சித்திரை, வைகாசியில் நம் பக்கத்துப் பட்டறைகளை வாட்டும் குறை இது. கண்ணாடிக் குழாயைக் குளிர்விக்கும் நீர் சூடாகச் சூடாகக் கதிரின் வலு குறையும். திரையில் அதே 60 விழுக்காடு காட்டினாலும் தகட்டில் விழும் வாட் குறைந்துவிடுகிறது; அடி வெட்டாததால் வேகத்தைக் குறைக்கிறோம், கருகுகிறது. சி.டபிள்யூ. 3000 என்று விற்கப்படும் நீர்க்குளிர்விப்புப் பெட்டி, விசிறி வைத்த ரேடியேட்டர் மட்டுமே. அறையின் வெப்பத்துக்குக் கீழே நீரைக் குளிர்விக்க அதனால் முடியாது. தகரக் கூரைக்கடியில் அறை 38 டிகிரி இருந்தால் நீரும் அதற்குக் குறையாது. சி.டபிள்யூ. 5000, 5200 வகைகளில் பிரிட்ஜில் உள்ளது போன்ற குளிர்பதனக் கம்ப்ரெஸ்ஸர் இருப்பதால் வைத்த அளவில் நிற்கும். நாள் முழுவதும் வெட்டும் பட்டறை இந்தச் செலவைத் தள்ளிப்போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சூட்டில் ஓடும் குழாய் விரைவில் கெட்டுப்போவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதுவரை, கடினமான வெட்டு வேலைகளைக் காலையில் முடித்துக்கொண்டு, பொறிக்கும் வேலையைப் பிற்பகலுக்கு வைக்கலாம்.

குளிர்விப்பதிலும் எல்லை உண்டு. வெளியே 35 டிகிரியும் 60 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் பனித்துளி படியும். மழைக்காலத்தில் சில்லர் எனும் அந்தக் குளிர்விப்புப் பெட்டியை 18 டிகிரியில் வைத்தால் குழாயின் வாயிலும் மின்முனையிலும் நீர் கோத்துக்கொள்ளும். அப்படி மங்கிய குழாய் வாயும் கருகலுக்குக் காரணமாகிறது. உலர்ந்த கோடையில் 20 முதல் 22, ஈரமான நாள்களில் 25 முதல் 27 என்று மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் நன்றாக வெட்டிய அதே ஷீட் இப்போது கருகுகிறது

முதலில் லென்ஸையும் மூன்று கண்ணாடிகளையும் கழற்றிப் பாருங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட லென்ஸ் துணியால் அழுத்தாமல் துடைத்தால் போதும். ஜிங்க் செலினைடு லென்ஸில் கீறல் விழுந்தால் அதற்குத் திரும்ப உயிர் இல்லை, உடைந்தால் அதன் தூள் நஞ்சு. லென்ஸ் சுத்தமாக இருந்து, மாதம் ஐப்பசியோ கார்த்திகையோ ஆனால், ஷீட் ஈரம் வாங்கியிருக்கிறது. ஈர விறகு புகைவது போலவே அதுவும் புகையும். நீரை ஆவியாக்கவே கதிரின் ஒரு பங்கு செலவாகும். ஷீட்டுகளைச் சிமெண்ட் தரையில் படுக்க வைக்காமலும், சுவரில் சாய்த்து வைக்காமலும், மரச்சட்டத்தின் மேல் தட்டையாக அடுக்கி மேலே பாரம் ஏற்றி வையுங்கள். நனைந்ததை வெயிலில் நேரே போட்டால் வளையும். விசிறிக் காற்றில் இரண்டு பக்கமும் ஆறவிடுவதே நல்லது. குற்றாலச் சாரல் எட்டும் தென்காசி, செங்கோட்டைப் பக்கத்தில் இந்தக் கவனம் ஆனியிலேயே தொடங்க வேண்டும்.

நாசிலின் பின்னால் சிறு சுடர் தொடர்ந்து வருகிறது

வெட்டை உடனே நிறுத்துங்கள். காற்று நின்றிருக்கிறது, அல்லது வேகம் மிகக் குறைவு, அல்லது தட்டின் தார் பற்றியிருக்கிறது. ஓடும் மெஷினை விட்டு ஒரு நிமிடம்கூட அகலக் கூடாது; கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் மிஞ்சும் கறை

முகப்பில் மிஞ்சிய புகைக்கறையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே துடையுங்கள். ரேகைக்குக் குறுக்கே தேய்த்தால் தார் ரேகைக்குள் இறங்கிவிடும். தண்ணீரை ஊற்றிக் கழுவக் கூடாது. மெல்லிய தகடு மறுநாளே வளைந்து நிற்கும். அதற்கும் போகாததை 320 எண் உப்புத்தாளை ஒரு தட்டையான மரக்கட்டையில் சுற்றித் தேய்க்கலாம். தேக்கு வெனீர் (மெல்லிய மரச்சீவல்) ஒட்டிய தகட்டில் மட்டும் கைகளைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்; அந்த வெனீர் அரை மில்லிமீட்டரும் இருக்காது என்பதால், கறை போவதற்குள் தேக்கே போய் அடியிலுள்ள வெள்ளை மரம் தெரிந்துவிடும். அத்தகைய வேலைக்கு முன்கூட்டியே டேப் ஒட்டி வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.